வைக்கோல் கட்டியது

திங்கட்கிழமை விடியலில் மட்டும் நான் தொண்டன்.
ஒன்பதரைக்குத் திருத்துறைப்பூண்டி உரக்கடையில்
பொட்டாஷ் மூட்டைக்குக் கணக்கு எழுதியாக வேண்டும்.
அதற்குள் நான்கு ஊர்.
டிவிஎஸ் வண்டியின் காலடியில்
மீன்காரர் ஒருவர் கழித்துப் போட்ட ஐஸ் பெட்டி.
எத்தனை முறை கழுவினாலும் மத்தி வாசம் போகவில்லை.
அதில்தான் கொண்டுபோகிறேன்
ஊரின் சளியை.

பயிற்சி நாளில் ரெஜினா டாக்டர் சொன்னார்.
மலாவியில் நாலு வருடம் இருந்தவர்.
அங்கே சைக்கிளாம். வழியில் ஆறு வந்தால்
பெட்டி தலைக்குப் போகும், சைக்கிள் தோளுக்கு.
"ஆனா பேச்சு ஒண்ணுதான்:
எனக்கு ஒண்ணுமில்ல, தூசி இருமல்.
பக்கத்து வீட்டுல கேளுங்க."
சிரித்தோம்.
பிறகு நான் நெடுஞ்சேத்திக்குப் போனேன்.
ஒருவரும் ஒரு வார்த்தை மாற்றவில்லை.

நடவு முடிய இன்னும் இருபது நாள்.
நாற்பது பெண்கள், ஒரே குடம், ஒரே சொம்பு.
இருமல்காரி என்று ஒரு சொல் கிளம்பினால்
மறுநாள் வரப்போடு நிறுத்திவிடுவார்கள்.
தையல்நாயகி மட்டும் டப்பாவை வாங்கினாள்.
"வீட்டுக்கு வராதீங்க.
மதகுக்குக் கீழ, மூணாவது படியில வைக்கிறேன்."
எழுந்ததும் வாய் கொப்பளித்து,
அடி நெஞ்சிலிருந்து; எச்சில் வேண்டாம் என்றேன்.
"இன்னும் ரெண்டு குடுங்க,
தவறி விழுந்துட்டா?"
கொடுத்தேன். விழும் என்றே நினைத்தேன்.

திங்கள். மதகில் நீர் இரைச்சல்.
மூன்றாவது படியில் மூன்று டப்பா.
மூன்றும் நிறைந்து.
பெயர் ஒன்றிலும் இல்லை.
ஒன்றில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.
ஒன்றின் மூடியில் தலை ஊக்கு.
ஒன்றில், முடிச்சு இறுக்கிய
ஒற்றை வைக்கோல்.

பரிசோதனைக் கூடத்தில் அருள்தாஸ் கத்தினார்.
பெயர்? வயது? விளையாட்டா இது?
நூல், ஊக்கு, வைக்கோல் என்று எழுதிக் கொடுத்தேன்.
வயது மூவருக்கும் நாற்பது.
எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது.

புதன்கிழமை போன் வந்தது.
நூலில் இல்லை. ஊக்கில் இல்லை.
மீதியை அவர் சொல்லவில்லை,
மூச்சை மட்டும் விட்டார்.

"என்னுது நூலு" என்றாள் தையல்நாயகி.
"மத்தது யாருதுன்னு நான் கேக்கல.
கேட்டிருந்தா வச்சிருக்க மாட்டாங்க."

கடைக்கு அரைநாள் லீவு சொல்லி வரப்பில் நின்றேன்.
பையில் மாத்திரை, முதல் மாதத்துக்கானது.
வைக்கோல் கட்டியவர் யார் என்று
எந்த வயலில் போய்க் கேட்பது?
ஒவ்வொரு நாற்று முடியும் வைக்கோலில்தான் கட்டியிருக்கிறது.
அவிழ்த்துப் போட்டது சேற்றில் மிதக்கிறது,
முழங்காலில் ஒட்டுகிறது,
கொண்டையில்கூட ஒன்று.
நாற்பது முதுகுகள்
நட்டபடியே பின்னோக்கி
என்னிடம் வந்துகொண்டிருந்தன.

ஒரு வைக்கோலைப் பொறுக்கி
வண்டிக் கைப்பிடியில் கட்டினேன்.
வேறு ஒன்றும் தோன்றவில்லை.

தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல ஒருத்தி கரையேறினாள்.
குடத்தைத் தொடவில்லை.
கைப்பிடியைப் பார்த்தாள். வயலைத் திரும்பிப் பார்த்தாள்.
"பக்கத்து வீட்டுக்காரிக்குத்தானே?
நான் குடுத்துடறேன்."

ஆமாம் என்றேன்.
அவங்ககிட்ட சொல்லுங்க,
காலையில வெறும் வயித்துல.
ஒண்ணுக்கு செவப்பாப் போகும், பயப்பட வேணாம்.
ஒரு நாளும் விடக் கூடாது.

"எத்தன மாசம்னு கேப்பா."

ஆறு.

உதடு அசையாமல் எண்ணினாள்;
தை, மாசி தாண்டிப் போயிருக்கும்.
பையை மடியில் செருகிக்கொண்டாள்.
"அவளுக்குச் சொம்பு தனியா வேணுமா?"

ரெண்டு வாரத்துக்கு என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள்,
"அவளுக்குக் குடுக்கிறேன்."